விளையில் மரம் விற்கும் முன்: எதை வெட்டுவது, எதை நிறுத்துவது? முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் விளை (பல மரங்கள் கலந்து நிற்கும் தோட்ட நிலம்) மரம் விற்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். வீட்டில் கல்யாணம் வரும், அல்லது பிள்ளையின் படிப்புச் செலவு வரும். மர வியாபாரியைக் கூப்பிடுவார்கள். அவர் விளையை ஒரு சுற்றுச் சுற்றி, அண்ணாந்து பார்த்து, இரண்டு மூன்று மரத்தை மட்டும் கட்டிப்பிடித்து அளப்பார். “அண்ணாச்சி, அந்த மூணு மரத்த மட்டும் தாங்க. மத்தது ஒண்ணும் எனக்கு வேண்டாம்” என்பார். அந்த மூன்றும் விளையிலேயே நேராக, கொம்பு இல்லாமல், வைரம் (நடுவில் உள்ள கெட்டியான மரம்) ஏறி நிற்பவை. கையில் நல்ல பணம் வரும். விளையிலும் இன்னும் நாற்பது மரம் நிற்கும். எதுவும் குறைந்ததாகத் தெரியாது.

பத்து வருஷம் கழித்து அடுத்த செலவு வரும்போதுதான் தெரியும். நிற்பதெல்லாம் வளைந்தது, கவை விட்டது (இரண்டாகப் பிரிந்தது), உள்ளே பொத்தானது (நடுவில் வெற்றிடம் விழுந்தது). அதன் அடியில் தானாக முளைத்து நிற்கும் கன்றுகளும் அந்த மரங்களின் விதையிலிருந்து வந்தவைதான். நல்லதைப் பொறுக்கி விற்று, மோசமானதை விதைக்கு விட்டிருக்கிறோம்.

தென்னையில் நாம் இதைச் செய்வதே இல்லை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கு விதைக்காய் தேடுகிறவர், தோப்பிலேயே நன்றாகக் காய்க்கும் மரம் எது என்று கேட்டு, அதன் காயைத்தான் வாங்குவார். காய்ப்பில்லாத தென்னையைத்தான் வெட்டுவார். அயனி (பலா இனத்து மரம்), பலா, தேக்கு என்று வந்தால் மட்டும் அந்தப் புத்தி தலைகீழாகிவிடுகிறது. அதைத் திருப்பிப் போடுவதற்கான வழிமுறைதான் இது. திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை, தக்கலைப் பக்கம் 20 சென்ட் முதல் இரண்டு மூன்று ஏக்கர் வரை கலப்பு விளை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்துக்கு இது பொருந்தாது. ஆர்ஆர்ஐஐ 105 போன்ற ஒட்டு ரகங்களில் எல்லா மரமும் ஒரே தாயின் நகல். அங்கே நல்ல மரத்தை வெட்டினால் பரம்பரை கெடும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 1: எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பணம் வேண்டுமா, வீட்டு வேலைக்குத் தடி (வெட்டிய மரம்) வேண்டுமா? இரண்டும் வேறு வேறு கணக்கு. கூரைச் சட்டங்களான கழுக்கோலுக்கும் பட்டியலுக்கும் நடுத்தர மரம் போதும். நிலைக்கும் கதவுக்கும்தான் வைரம் ஏறிய பெரிய தடி வேண்டும். பணம்தான் தேவை என்றால் தொகையை எழுதி வையுங்கள். தொகை தெரியாமல் வியாபாரியைக் கூப்பிட்டால், எந்த மரம் போக வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

படி 2: ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு எல்லா மரத்தையும் அளந்துவிடுங்கள்

விற்கப்போகும் மரத்தை மட்டும் அல்ல, கை சுற்றளவுக்கு மேல் பருத்த எல்லா மரத்தையும் அளக்க வேண்டும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது நெஞ்சு உயரத்தில், டேப்பைச் சுற்றிப் பிடியுங்கள். சரிவான விளை என்றால் மேட்டுப் பக்கத்தில் நின்று அளப்பதுதான் முறை. நல்லமிளகுக் கொடி ஏறியிருந்தால் டேப்பைக் கொடிக்கு உள்ளே விடுங்கள். இல்லையென்றால் கொடியின் பருமனும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நோட்டில் ஐந்து விவரம் போதும்: மரத்தின் எண், வகை, சுற்றளவு, முதல் பெரிய கிளை வரைக்கும் எத்தனை அடி, பார்த்த குறை. முதல் கிளை வரையிலான நீளத்தை அளக்க மரத்தில் ஏற வேண்டாம். ஒரு ஆளை மரத்தடியில் நிறுத்தி, தள்ளி நின்று, அவருடைய உயரம் எத்தனை மடங்கு போகிறது என்று பார்த்தால் ஏறத்தாழச் சரியாக வரும்.

தடியின் கன அளவுக்கு நம் ஊர் மில்களில் பழைய கால்சுற்றுக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது. நடுத்தடியில் 5 அடி சுற்றளவும் 12 அடி நீளமும் உள்ள தடிக்கு 1.25 × 1.25 × 12, அதாவது 18.75 கன அடி. உருளைக்குரிய உண்மையான கணக்கைப் போட்டால் அதே தடியில் கிட்டத்தட்ட 23.9 கன அடி மரம் இருக்கும். அறுக்கும்போது பக்கப்பலகையாகவும் தூளாகவும் போவதற்காக இருபது சதவீதத்துக்குச் சற்று மேல் அந்தக் கணக்கே கழித்துவிடுகிறது. இது தெரியாமல், “பட்டைக்கு இவ்வளவு, கழிவுக்கு இவ்வளவு” என்று மறுபடியும் பெரிய கழிவு கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். பட்டைக்கு ஒரு சின்னக் கழிவு நியாயம். அறுப்புக் கழிவு முன்னாலேயே போய்விட்டது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். 4 அடி சுற்றளவில் 12 அடித் தடிக்கு 12 கன அடிதான். அதே மரம் 5 அடி சுற்றளவுக்கு வந்தால் 18.75. சுற்றளவில் ஒரு அடி கூடினால் மரம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. பருமன் கூடக் கூட ஒரு கன அடிக்குக் கிடைக்கும் விலையும் ஏறும். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் நடுத்தர மரத்தை விற்பதுதான் விளையில் நடக்கிற மிகப் பெரிய நஷ்டம் என்று நான் சொல்வேன். அது சம்பாதிக்கத் தொடங்கும் வயதிலேயே அதை வெட்டிவிடுகிறோம்.

படி 3: ஒவ்வொரு மரத்தையும் நின்று பாருங்கள்

எல்லாப் படியிலும் அதிக நேரம் எடுக்க வேண்டியது இதற்குத்தான். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் தண்டின் வளைவும் பட்டையின் ஓட்டமும் தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. மரத்தைச் சுற்றி வாருங்கள்.

முதலில் பட்டையின் கோடு. வேரடியிலிருந்து மேலே கண்ணை ஓட்டுங்கள். பட்டையின் வெடிப்பு நேராக மேலே போகிறதா, கயிறு முறுக்கியதுபோல் சுற்றிச் சுற்றிப் போகிறதா? சுற்றிப் போனால் உள்ளே நாரும் முறுக்கிக்கொண்டிருக்கும். அறுத்த பலகை காயும்போது திருகும், நிலைக்கு ஆகாது. இந்த முறுக்கு ஓரளவு பரம்பரையாக வரும் குணம். அதனால் முறுக்கு மரத்தை விதைக்கு நிறுத்தாதீர்கள்.

அடுத்து வளைவு. எல்லா வளைவும் விதையின் குற்றமல்ல. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விளையோரத்தில் வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்த மரம் அடியில் ஒரு முறை வளைந்து, பிறகு நேராகப் போகும். கன்றாக இருந்தபோது ஆடு கடித்தோ கயிறு கட்டியோ வளைந்ததற்கும் ஒரே இடத்தில்தான் தழும்பு இருக்கும். மகோகனியில் குருத்துத் துளைப்பான் புழு நுனியைத் தின்றுவிட்டால் அந்த இடத்தில் கவை விடும். வித்து நல்லதாக இருந்தாலும் இது நடக்கும். ஆனால் பக்கத்து மரங்கள் எல்லாம் நேராகப் போயிருக்க, ஒரு மரம் மட்டும் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு கவை விட்டு, தண்டு பாம்புபோல் நெளிந்து போனால் அது அந்த மரத்தின் சொந்தக் குணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, உள்ளே பொத்து இருக்கிறதா என்று பார்ப்பது. கோடாலியின் பின்பக்கத்தால் வேரடியிலிருந்து தலைக்கு மேல் எட்டும் வரை தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான மரம் சுருக்கமாக, இறுகிய சத்தம் தரும். பொத்து மரத்தில் சத்தம் விரிந்து முழங்கும். தட்டும்போது சத்தம் மாறும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். தண்டில் தட்டுத்தட்டாகக் காளான் பிடித்திருந்தால் வைரத்திலேயே அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். வேரடியில் மரத்தூள் குவிந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. பழைய கிளை ஒடிந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, பட்டையில் கறுப்பாக வழிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆணி அடித்த மரங்களைத் தனியாகக் குறியுங்கள். வாளின் பல் போய்விடும் என்று மில்லில் அறுக்க மறுப்பார்கள்.

நாலாவது, தலை. மரத்தின் வளர்ச்சியைத் தலைதான் சொல்லும். இலை அடர்த்தியாக, நடுக்குருத்து முன்னேறிப் போய்க்கொண்டிருந்தால் அது இன்னும் வளரும். தலை தட்டையாகி, நுனிக் கொம்புகள் காய்ந்திருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். “பெரியதை வெட்டினால் சின்னது வளர்ந்துவிடும்” என்பார்கள். சின்ன மரம் எல்லாம் இளைய மரம் அல்ல. ஒரே வருஷம் நட்ட தேக்குகளில் பருத்தது ஒன்றையும் மெலிந்தது ஒன்றையும் வெட்டி, இரண்டு குற்றியிலும் (வெட்டிய அடிக்கட்டையிலும்) வளையங்களை எண்ணிப் பாருங்கள். தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும். எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். மெலிந்ததில் வளையங்கள் நெருக்கி நெருக்கி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அது தோற்றுப்போன மரம். தேக்கு வெயில் இல்லாமல் வளராத சாதி. நிழலில் பல வருஷம் நின்று கூம்பிய தேக்குக்குத் திடீரென்று இடம் விட்டாலும் பெரிதாகப் பயன் இருக்காது. அயனியும் பலாவும் சிறுவயதில் நிழலைத் தாங்கும். அவற்றில் நடுக்குருத்து உயிரோடு இருக்கும் இளங்கன்று வெளிச்சம் கிடைத்தால் மீண்டு வரும். மரம் எந்தச் சாதி என்று பார்த்துத்தான் இந்த நம்பிக்கையை வைக்க முடியும்.

படி 4: முதலில் நிற்க வேண்டியவற்றைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாக வெட்ட வேண்டியதைத் தேடித்தான் விளைக்குள் நுழைவோம். அதை மாற்றி, நிற்க வேண்டியதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு வகை உண்டு.

ஒன்று தாய்மரம். விளையிலேயே நேரான, முறுக்கில்லாத, நோயில்லாத, நன்றாகக் காய்க்கிற மரம். வியாபாரி முதலில் கைவைக்கும் மரமும் இதுதான். வகைக்கு இரண்டு மரமாவது நிற்கட்டும். அயனியும் பலாவும் பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தத்தில் காய்ப்பவை. அதனால் ஒரே ஒரு நல்ல மரத்தை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி எல்லாம் கோணல் மரமாக வைத்திருந்தால் பாதிக் குணம் கோணலிலிருந்துதான் வரும். பக்கத்து விளைக்காரரிடம் பேசி, அவரும் நல்லது இரண்டை நிறுத்தினால் இரண்டு விளைக்கும் நல்லது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்கும் அந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்கும் கல்யாணம் நடப்பதை நாம் தடுக்க முடியாது.

தாய்மரத்தைக் கடைசிவரை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதன் பிள்ளைகள் விளையில் நேராக எழுந்து ஆள் உயரம் தாண்டிய பிறகு விற்கலாம். வாரிசு நிற்காமல் தாயை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது வகை, நாளைய மரங்கள். இப்போது 2 முதல் 4 அடி சுற்றளவில், நேராக, தலை நன்றாக இருப்பவை. இவற்றை ஒன்றுக்கொன்று 20, 25 அடி இடைவெளியில் தேர்ந்தெடுங்கள். விளை முழுக்கப் பரவலாக இருக்க வேண்டும். ஒரே மூலையில் ஐந்து நல்ல மரம் நெருக்கி நின்றால் ஐந்தையும் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே நல்லதிலும் ஒன்றிரண்டை வெட்டித்தான் ஆக வேண்டும்.

வயதான பொத்து மரம் ஒன்றையும் நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு விறகு விலைதான் கிடைக்கும். ஆனால் கிளிக்கும் ஆந்தைக்கும் அதுதான் வீடு. அயனிச்சக்கையின் விதையை விளைக்கு விளை கொண்டுபோய்ப் போடுவதும் பறவையும் அணிலும் வௌவாலும்தான். வீட்டுக் கூரைமேலோ மின்கம்பிமேலோ விழும் இடத்தில் நின்றால் மட்டும் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

படி 5: வெட்ட வேண்டியவற்றின் வரிசை

முதலில் நோய்ப்பட்டது, சாயப்போவது. அடுத்து, நாளைய மரத்தின் தலையோடு தலை உரசி நிற்கும் கோணல் மரங்கள். இவற்றை எடுத்தால் பணமும் வரும், நல்ல மரத்துக்கு வெளிச்சமும் வரும். மூன்றாவது, வளர்ச்சி நின்றுபோன பெரிய மரங்கள். நாலாவதாகத்தான், அதுவும் முதல் மூன்றிலும் தேவையான தொகை வராவிட்டால் மட்டும், நல்ல முற்றிய மரங்களில் ஒன்று.

நாளைய மரத்தைச் சுற்றி ஒரேயடியாக வெளியாக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று பக்கம் வெளிச்சம் வந்தால் போதும். நிழலில் வளர்ந்த தண்டில் திடீரென்று முழு வெயில் பட்டால், குறிப்பாகத் தேக்கில், தண்டெங்கும் சின்னச் சின்னத் துளிர் கிளம்பும். ஒவ்வொரு துளிரும் நாளை பலகையில் ஒரு முடிச்சு. காற்றும் ஒரு காரணம். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் விழுந்த மரங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒன்றோடொன்று அண்டி நின்று பழகிய மரங்களுக்கு நடுவில் பெரியதை உருவி எடுத்தால், மெலிந்து உயர்ந்தவை அடுத்த பெருங்காற்றுக்குத் தனியாக நிற்க வேண்டிவரும். வெட்ட வேண்டியதை இரண்டு தவணையாக, மூன்று நாலு வருஷ இடைவெளியில் வெட்டுவதே பாதுகாப்பு.

படி 6: பெயிண்ட் குறி

இது சின்ன வேலை, ஆனால் பெரிய சண்டையைத் தடுக்கும். நிற்க வேண்டியதற்கு மஞ்சள் பெயிண்டால் நெஞ்சு உயரத்தில் சுற்றி ஒரு வளையம். வெட்ட வேண்டியதற்குச் சிவப்புப் பெயிண்டால் இரண்டு இடத்தில் எண்: நெஞ்சு உயரத்தில் ஒன்று, வேரடியில் தரையோடு ஒட்டி ஒன்று. கீழே போடும் குறிதான் முக்கியம். மரம் வெட்டிப் போன பிறகு மேல்குறி தடியோடு லாரியில் போய்விடும். குற்றியில் இருக்கும் குறி மட்டுமே, “இது நான் விற்ற மரம்” என்பதற்குச் சாட்சி. குறி இல்லாத குற்றி கிடந்தால், விற்காத மரம் போயிருக்கிறது. குறி போட்டபின் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: அனுமதி

சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். திருவிதாங்கூர் காலத்தில் தேக்கு, ஈட்டி, சந்தனம் எல்லாம் யாருடைய நிலத்தில் நின்றாலும் அரசுக்குச் சொந்தம். இன்றைக்கு அப்படி இல்லை. ஆனாலும் கட்டுப்பாடுகள் உண்டு.

நம் மாவட்டத்தின் மலையடிவார ஊர்கள் சிலவற்றில் பட்டா நிலமே 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஈட்டிக்கு 1994இல் தனிச் சட்டம் வந்தது, அது இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனத்தைக் கேட்காமல் தொடவே கூடாது. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆகவே சர்வே எண்ணையும் மர வகைகளையும் எழுதிக்கொண்டு, முதலில் கிராம நிர்வாக அலுவலரையும் பிறகு உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தையும் பாருங்கள். அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி, வேளிமலை, குலசேகரம், களியல் என்று சரகங்கள் இருக்கின்றன. வெட்ட அனுமதி வேண்டுமா, லாரியில் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் தடி என்றால் வியாபாரியிடம் சீட்டைப் பார்த்த பிறகே ஏற்ற விடுங்கள்.

பங்காளிகளோடு கூட்டுச் சொத்தாக இருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருடைய கையெழுத்தும் வாங்குங்கள்.

படி 8: பேரம்

வியாபாரிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாரிக் கூலி, வெட்டுக் கூலி எல்லாம் நல்ல மரத்தில்தான் அவருக்கு மிஞ்சும். அதனால் கோணல் மரத்தை மட்டும் தனியாக விற்கப் பார்த்தால் யாரும் வரமாட்டார்கள். சிவப்புக் குறி போட்ட எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் பேசுங்கள். “இந்த முற்றிய அயனி வேண்டுமென்றால் இந்த ஆறு மரமும் சேர்த்து எடுக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். மஞ்சள் வளையம் போட்டதற்கு விலையே கேட்க வேண்டாம். கேட்டால் ஆசை வரும். கண்டிப்பாக வரும், தொகை அப்படி இருக்கும். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்டு, நோட்டில் உள்ள கன அடிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: மர எண்கள், தொகை, முன்பணம், எந்தத் தேதிக்குள் வெட்டி எடுக்க வேண்டும், கொப்பும் விறகும் யாருக்கு, நிற்கும் மரம் அடிபட்டால் என்ன ஈடு. கடைசி இரண்டையும் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

படி 9: வெட்டும் காலமும் முறையும்

நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நடுவில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் மண் இறுகி, லாரி வந்துபோக வசதியாக இருக்கும். ஈர மண்ணில் தடியை இழுத்தால் வேரும் கன்றும் சேர்ந்து நசுங்கும். தேய்பிறையில் வெட்டினால் வண்டு குத்தாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வழக்கத்தைக் கடைப்பிடிப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் வண்டு குத்துவது முக்கியமாக வெள்ளையில்தான் (வைரத்துக்கு வெளியே உள்ள வெளிர்ந்த மரத்தில்). வெட்டிய தடியை மழையில் போட்டுவைக்காமல் பட்டையை உரித்து, சீக்கிரம் அறுத்து, வெள்ளையை நீக்கி, நிழலில் கட்டைகொடுத்து அடுக்குவதுதான் உண்மையான காவல்.

வெட்டப்போகும் நல்ல மரம் ஒன்றிலிருந்து விதை எடுக்க நினைத்தால் காலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அயனி ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் பழுக்கும். அந்தப் பழத்தை எடுத்துவிட்டு அடுத்த ஜனவரியில் வெட்டலாம்.

வெட்டும் நாளில் வீட்டுக்காரர் விளையில் இருக்க வேண்டும். முதலில் மேலேறிக் கொப்பு கழிப்பார்கள். அப்போதே வடம் கட்டி, எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று பேசி முடியுங்கள். விழும் பக்கத்தில் தண்டின் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய்வெட்டு. எதிர்ப்பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் கீல்போல ஒரு பட்டை மரம் மிச்சம் நிற்க வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தை நேராகச் சாய்க்கும். அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெஷின் வாளைப் பழக்கமில்லாத ஆளிடம் கொடுக்க விடாதீர்கள். கம்பி அருகே என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே கொப்பில் கைவைக்க வேண்டும். தடி இழுக்க ஒரே ஒரு பாதையைக் கயிறு கட்டிக் காட்டிக்கொடுங்கள். ஆளுக்கொரு பாதை போட்டால் கன்று ஒன்றும் மிஞ்சாது.

படி 10: விதையும் கன்றும்

அயனி விதையையும் பலாக்கொட்டையையும் காயவைத்துச் சேமிக்க முடியாது. உலர்ந்தால் உயிர் போய்விடும். பழம் கிடைத்தவுடன் சதையைக் கழுவி, அயனி விதையை இரண்டொரு நாளில் ஈர மணலில் நிழலில் ஊன்றுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் முளைப்பு வேகமாகக் குறையும். பலாக்கொட்டை கொஞ்சம் தாங்கும், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நம்ப முடியாது. பழுப்பதும் மழை தொடங்குவதும் ஒட்டி ஒட்டி வருவதால் நமக்கு இது வசதிதான்.

ஒரே மரத்தின் விதையால் விளையை நிரப்பாதீர்கள். உங்கள் தாய்மரம் இரண்டு, பக்கத்து விளையில் இரண்டு, சொந்தக்காரர் ஊரில் ஒன்று என்று பல இடத்திலிருந்து எடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகள் தங்களுக்குள் காய்த்தால் அடுத்த தலைமுறை சோர்ந்து வரும். தேவையான எண்ணிக்கையைப்போல் மூன்று நாலு மடங்கு நாற்று வளர்த்து, நேராக, வேகமாக எழுவதை மட்டும் நடுங்கள். நல்லதைப் பொறுக்கும் ஆசையை முழுவதுமாகக் காட்ட வேண்டிய இடம் நாற்றங்கால்தான். ஒரு விஷயம்: ஒட்டுப்பலா பழத்துக்கு நல்லது. தடிக்கு விதைக்கன்றுதான் நேராக உயரும். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பலா எவ்வளவு பெரிய தடியாகும் என்று.

தேக்குக் குற்றியை வீணாக்காதீர்கள். நல்ல மரத்தின் குற்றியைத் தரையோடு ஒட்டி, தண்ணீர் தேங்காமல் லேசான சரிவாக வெட்டிவிட்டால் மறுதாம்பு (குற்றியிலிருந்து எழும் புதுத் தளிர்) வரும். அது தாயின் குணத்தை அப்படியே கொண்ட மரம், நாற்றைவிட வேகமாகவும் எழும். கோணல் தேக்கின் குற்றியும் இதேபோல் தளிர்க்கும் என்பதால் அதன் தளிரை மட்டும் வருஷம் இரண்டு முறை ஒடித்துவிடுங்கள்.

மூன்றாம் வருஷம் அதே நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மஞ்சள் வளையம் போட்டவற்றை மறுபடி அளங்கள். சுற்றளவு நன்றாகக் கூடியிருந்தால் விட்ட வெளிச்சம் போதும். கூடாத மரத்தின் அருகே நின்று அண்ணாந்து பாருங்கள், எந்தக் கொப்பு மறைக்கிறது என்று தெரியும். தேக்கின் மறுதாம்பில் ஐந்தாறு தளிர் எழுந்திருந்தால் தரையோடு ஒட்டி வந்த, கெட்டியான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அறுத்துவிடுங்கள். குற்றியின் மேல்விளிம்பிலிருந்து வந்த தளிர் எவ்வளவு தடித்திருந்தாலும் வேண்டாம், பெருங்காற்றில் பிளந்துவிடும்.